சுழலும் மின்காந்தம் எடையைக் குறைக்குமா?

இரும்புத் துண்டின் மீது செப்புக் கம்பியைச் சுற்றி, அதை மோட்டாரில் பொருத்திச் சுழலவிட்டு, அடியில் தராசு வைத்துப் பார்ப்பது வீட்டுப் பட்டறைகளில் அடிக்கடி நடக்கும் சோதனை. சுவிட்சைப் போட்டதும் தராசில் எண் இறங்குகிறது. கொஞ்சம்தான், ஆனாலும் இறங்குகிறது. உடனே 'ஈர்ப்பு விசையை அடக்கியாச்சு' என்று ஒரு பேச்சு கிளம்பும். இன்னொரு பக்கம், 'எல்லாம் பித்தலாட்டம்' என்று பார்க்காமலே முடித்துவிடுபவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் அவசரப்படுகிறது என்பது என் எண்ணம். எண் நிஜமாகவே இறங்கியிருக்கும். சோதனை செய்தவர் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் அந்த எண் இறங்குவதற்கு ஈர்ப்பைத் தவிர ஏகப்பட்ட காரணங்கள் இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகக் கழிப்பதில்தான் மொத்த வேலையும் இருக்கிறது.

## தராசு எதைப் பார்க்கிறது?

எடை பார்க்கும் மெஷினில் ஏறி நின்றுகொண்டு, பக்கத்தில் இருக்கும் மேசையை உள்ளங்கையால் லேசாக அழுத்துங்கள். எண் சட்டென்று இரண்டு மூன்று கிலோ இறங்கும். கையை எடுத்தால் பழைய எண்ணே திரும்ப வரும். உங்கள் உடம்பில் ஒரு கிராம்கூடக் குறையவில்லை. பூமி உங்களை இழுப்பதும் குறையவில்லை. உங்கள் பாரத்தில் ஒரு பங்கை மேசை வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான். மேசைக்கு அடியிலும் ஒரு மெஷின் இருந்தால், இங்கே குறைந்தது அங்கே கூடியிருப்பதைப் பார்க்கலாம்.

இதை வைத்துச் சில சொற்களைப் பிரித்துக்கொள்வோம். ஒரு பொருளில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்பது நிறை. அந்த நிறையைப் பூமி இழுக்கும் விசை எடை. தராசு நேரடியாக இந்த இரண்டையும் அளப்பதில்லை. தன் தட்டின் மீது விழும் மொத்த அழுத்தத்தை மட்டுமே அது உணர்கிறது. பொருள் அசையாமல் இருக்க வேண்டும், வேறு எதையும் தொடாமல் இருக்க வேண்டும், பக்கத்திலிருந்து வேறு விசை எதுவும் அதன்மேல் படக்கூடாது. அப்போதுதான் அழுத்தமும் எடையும் ஒன்றாக இருக்கும். சாதாரணமாக எதையாவது நிறுக்கும்போது இந்த நிபந்தனைகள் தாமாகவே நிறைவேறிவிடுவதால், அப்படி ஒன்று இருப்பதே நமக்கு மறந்துபோகிறது. மின்சாரம் ஓடும், சூடாகும், சுழலும், காந்தமாகவும் இருக்கும் ஒரு பொருளைத் தட்டில் வைக்கும்போது அவற்றில் ஒன்றுகூட நிறைவேறுவதில்லை.

ஈர்ப்புக்கு இன்னொரு குணமும் உண்டு: அது ஆள் பார்க்காது. மரம், கண்ணாடி, செம்பு என்று எதுவானாலும் ஒரே விகிதத்தில் இழுக்கும். 2016-இல் ஏவப்பட்ட மைக்ரோஸ்கோப் என்ற பிரெஞ்சுச் செயற்கைக்கோள் பிளாட்டினக் கலவையையும் டைட்டானியக் கலவையையும் விண்வெளியில் ஒன்றாக 'விழவிட்டு' ஒப்பிட்டது. சுமார் ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு நுட்பம் வரை இரண்டும் ஒரே மாதிரி விழுந்தன என்பது 2022-இல் வெளியான இறுதி முடிவு. ஆகவே ஒரு கருவி நிஜமாகவே ஈர்ப்பை மாற்றினால், அதன் பக்கத்தில் தொங்கும் மரத்துண்டு, கண்ணாடிக் குண்டு, செப்புத் தகடு எல்லாமே ஒரே விகிதத்தில் இலேசாக வேண்டும். செம்பு மட்டும் இலேசானால் அங்கே மின்காந்த விசை ஏதோ வேலை செய்கிறது என்று அர்த்தம். பின்னால் இது நமக்கு உதவும்.

இதுவரை: தராசு காட்டுவது அழுத்தம். எண் குறைந்தால் முதலில் கேட்க வேண்டியது, 'குறைந்த பாரத்தை யார் வாங்கிக்கொண்டார்?' என்பது. சுருக்கமாக, மேசை எங்கே?

## சுழல்வது எது?

கம்பிச்சுருளில் மின்னோட்டம் பாயும்போது மட்டும் காந்தமாக இருப்பது மின்காந்தம். அதைச் சுற்றி, இரும்பையும் மற்ற காந்தங்களையும் தள்ளவோ இழுக்கவோ முடிகிற பகுதிதான் காந்தப்புலம். 'சுழலும் மின்காந்தம்' என்று சொல்பவர்கள் இரண்டு வேறு விஷயங்களை ஒரே பெயரில் சொல்கிறார்கள். இங்கேயே குழப்பம் ஆரம்பித்துவிடுகிறது.

முதல் வகையில் இரும்பும் சுருளும் உடம்போடு சுழலும். இரண்டாவது வகையில் எதுவும் அசையாது. வட்டமாக வைத்த சுருள்களில் ஒன்றன்பின் ஒன்றாக மின்னோட்டம் ஏறி இறங்குவதால், காந்தப்புலம் மட்டும் சுற்றி வரும். இத்தாலியின் கலிலியோ ஃபெராரிஸும் நிக்கோலா டெஸ்லாவும் தனித்தனியாக 1888-இல் உலகுக்குச் சொன்னது இதைத்தான். இன்றைய மும்முனை மோட்டார்கள் எல்லாம் இந்த வழியில்தான் ஓடுகின்றன.

முதல் வகையில் ஒரு வேடிக்கை உண்டு. உருளை வடிவக் காந்தத்தை அதன் நடு அச்சிலேயே சுழற்றினால், வெளியே காந்தப்புலத்தில் எந்த மாற்றமும் தெரியாது. அசையாமல் இருந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும். மைக்கேல் ஃபாரடே 1830-களின் தொடக்கத்திலேயே இதைச் சோதித்துப் பார்த்து மண்டையைப் பிய்த்துக்கொண்டார். காந்தத்தோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத கோடுகள் சக்கரம்போலச் சுற்றுவதாகவும், அவை ஈர்ப்பை 'வெட்டுவதாகவும்' வரையப்படும் படங்களுக்கு இந்த இடத்திலேயே ஆதாரம் போய்விடுகிறது.

வீட்டுப் பட்டறையில் சுழல்வதைவிடப் பெரிய மின்காந்தங்கள் ஏற்கெனவே உலகம் முழுக்கச் சுழன்றுகொண்டிருக்கின்றன என்பதையும் பலர் யோசிப்பதில்லை. அனல் மின் நிலைய ஜெனரேட்டரின் சுழலி என்பது நேர்மின்னோட்டம் பாயும் ஒரு மின்காந்தம்தான். பெரிய நிலையங்களில் அது 100 டன்னுக்கும் மேல் இருக்கும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் நிமிடத்துக்கு 3,000 சுற்று, 60 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் 3,600 சுற்று. அது உட்கார்ந்திருக்கும் தாங்கிகளின் அதிர்வும் வெப்பமும் இரவு பகலாகக் கண்காணிக்கப்படுகின்றன. காந்தமும் சுழற்சியும் சேர்ந்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு எடை போகும் என்றால், அங்கே 100 கிலோவுக்கு மேல் காணாமல் போக வேண்டும். அப்படிப் போனால் முதலில் கத்துவது அங்குள்ள பராமரிப்புப் பொறியாளராக இருப்பார்.

## மிதப்பதெல்லாம் எதிர்ஈர்ப்பு ஆகாது

சுழலும் காந்தப் பம்பரம் ஒன்று பொம்மையாகக் கிடைக்கிறது. காந்தப் பலகைக்கு மேலே, எதையும் தொடாமல், அந்தரத்தில் சுழன்றுகொண்டே நிற்கும். முதல்முறை பார்ப்பவருக்கு, சுழலும் காந்தம் ஈர்ப்பை வென்றுவிட்டது என்றுதான் தோன்றும். பலகையையும் பம்பரத்தையும் சேர்த்து ஒரு தராசில் வையுங்கள். பம்பரம் மிதந்தாலும் பலகையில் கிடந்தாலும் எண் ஒன்றே. பம்பரத்தின் முழுப் பாரத்தையும் காந்தப்புலம் வழியாகப் பலகை வாங்கிக்கொள்கிறது. இங்கே மேசை அந்தப் பலகைதான். சுழற்சியின் வேலை, பம்பரம் தலைகுப்புறக் கவிழ்ந்துவிடாமல் நிமிர்த்திப் பிடிப்பது மட்டும்.

1997-இல் நெதர்லாந்தின் நைமேகன் நகரில் ஆந்த்ரே கெய்மும் அவருடன் வேலை செய்தவர்களும் உயிருள்ள ஒரு தவளையைச் சுமார் 16 டெஸ்லா காந்தப்புலத்தில் மிதக்கவிட்டார்கள். டெஸ்லா என்பது காந்தப்புலத்தின் வலிமையை அளக்கும் அலகு, மருத்துவமனை எம்.ஆர்.ஐ. கருவிகளில் பெரும்பாலும் 1.5 அல்லது 3 டெஸ்லா இருக்கும். தவளையின் உடம்பில் உள்ள தண்ணீர் காந்தத்தால் மிக மிக லேசாகத் தள்ளப்படும் பொருள். புலம் அவ்வளவு வலுவாக இருந்ததால் அந்தத் தள்ளல் தவளையைத் தூக்கப் போதுமானதாக இருந்தது. தவளையைக் காந்தம் தாங்கியது, காந்தத்தைத் தரை தாங்கியது. ஈர்ப்பு பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தது என்றுகூடச் சொல்ல முடியாது. அதுவும் தவளையை எப்போதும் போல இழுத்துக்கொண்டுதான் இருந்தது.

## சரி, ஈர்ப்புக்கும் சுழற்சிக்கும் தொடர்பே கிடையாதா?

உண்டு. இதை மறைத்துவிட்டு 'முடியவே முடியாது' என்று சொல்வதால்தான் ஆர்வலர்கள் முறைப்படியான இயற்பியலை நம்ப மறுக்கிறார்கள்.

ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் 1915-இல் வந்தது. அதன்படி ஈர்ப்பு என்பது நிறையைச் சுற்றி வெளியும் காலமும் வளைந்திருப்பதன் விளைவு. 1918-இல் யோசெஃப் லென்சும் ஹான்ஸ் திர்ரிங்கும் அந்தச் சமன்பாடுகளிலிருந்து இன்னொன்றைக் கண்டுபிடித்தார்கள்: சுழலும் நிறை, தன்னைச் சுற்றியுள்ள வெளியையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டே சுழலும். இதை வெளி இழுபடல் என்று வைத்துக்கொள்வோம். மின்னோட்டம் ஓடினால் காந்தப்புலம் பிறப்பதுபோல, நிறை ஓடினால் ஈர்ப்பிலும் ஒரு துணை விளைவு பிறக்கிறது.

இது எவ்வளவு பெரியது? கிராவிட்டி புரோப் பி என்ற நாசாவின் விண்கலம் 2004 ஏப்ரலில் ஏவப்பட்டு, பூமிக்கு மேலே சுமார் 640 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியது. உள்ளே பிங்பாங் பந்து அளவில், 38 மில்லிமீட்டர் விட்டமுள்ள நான்கு குவார்ட்ஸ் உருண்டைகள் கைரோஸ்கோப்பாகச் சுழன்றன. கைரோஸ்கோப் என்றால், வேகமாகச் சுழல்வதால் தன் அச்சின் திசையை விடாமல் பிடித்துக்கொள்ளும் பொருள். பூமி முழுவதும் சுழன்று வெளியை இழுப்பதால் அந்த அச்சுகள் ஓர் ஆண்டில் 39 மில்லி ஆர்க்விநாடி திரும்ப வேண்டும் என்பது கணக்கு. ஒரு டிகிரியைத் தொண்ணூறாயிரம் பங்காகப் போட்டால் அதில் ஒரு பங்கு. 2011-இல் வெளியான முடிவு 37.2, பிழை எல்லை 7.2. கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த எண்ணைப் பெற, உருண்டைகளின் மேற்பரப்பில் எதிர்பாராமல் இருந்த மின்னூட்டத் திட்டுகளின் தொந்தரவைக் கழிக்கவே குழுவுக்குப் பல வருடங்கள் பிடித்தன.

ஒரு முழுப் பூமி சுழன்றே இவ்வளவுதான். உள்ளங்கை அளவுச் சக்கரம் சுழன்றால் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே யூகித்துக்கொள்ளலாம்.

காந்தப்புலத்தின் பங்கையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஆற்றலுக்கும் நிறை உண்டு என்பதால் காந்தப்புலத்துக்கும் ஈர்ப்பு உண்டு. 1 டெஸ்லா புலம் ஒரு லிட்டர் இடத்தை நிரப்பினால் அதில் சுமார் 400 ஜூல் ஆற்றல் இருக்கும். அதை ஒளிவேகத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும் நிறை, ஒரு கிராமில் சுமார் 23,000 கோடியில் ஒரு பங்கு. அதுவும் எடையைக் கூட்டும், குறைக்காது. சுழலும் சக்கரத்தின் இயக்க ஆற்றலும் இதே கதைதான். வீட்டுத் தராசில் இறங்கும் எண் இதைவிடப் பல கோடி மடங்கு பெரியது, திசையும் நேர் எதிர்.

இதுவரை: சுழற்சி ஈர்ப்பை மாற்றும், காந்தப்புலத்துக்கும் ஈர்ப்பு உண்டு. இரண்டும் உண்மை. இரண்டும் எந்த மேசைத் தராசிலும் தெரியாத அளவு.

## இதற்கு முன் யார் யார் முயன்றார்கள்?

இந்தத் தேடலில் முதல் ஆள் ஃபாரடேதான். மின்சாரமும் காந்தமும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்று காட்டியவர், ஈர்ப்பும் அந்தக் குடும்பம்தான் என்று உறுதியாக நம்பினார். 1849 முதல் கம்பிச்சுருள்களை உயரத்திலிருந்து விழவிட்டு மின்னோட்டம் பிறக்கிறதா என்று பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. 1850 நவம்பரில் அந்தத் தோல்வியை அப்படியே ராயல் சொசைட்டியில் படித்தார். தொடர்பு இருக்கிறது என்ற தன் உணர்வு ஆடவில்லை, ஆனால் இந்தச் சோதனைகள் அதை நிரூபிக்கவும் இல்லை என்று சொல்லி முடித்தார். என்னைக் கேட்டால், இந்தத் துறையில் இறங்கும் யாரும் முதலில் படிக்க வேண்டியது அந்தக் கட்டுரை.

1920-களில் தாமஸ் டவுன்சென்ட் பிரவுன் என்ற அமெரிக்கர், உயர் மின்னழுத்தம் கொடுத்த மின்தேக்கிகள் (மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும் கருவிகள்) ஒரு பக்கமாக நகர்வதைப் பார்த்து, ஈர்ப்பின் ரகசியத்தைப் பிடித்துவிட்டதாக நினைத்தார். அங்கே வேலை செய்வது அயனிக் காற்று: கூர்முனையில் மின்னேற்றம் பெற்ற காற்று மூலக்கூறுகள் விரட்டப்பட்டு, மற்ற காற்றையும் தள்ளிக்கொண்டு ஓடும். மேசை, சுற்றியுள்ள காற்று. பின்னாளில் அலுமினியத் தாளிலும் மெல்லிய குச்சிகளிலும் ஆர்வலர்கள் செய்து பறக்கவிட்ட முக்கோண 'லிஃப்டர்'களும் இதேதான். ஆனால் இது வீண்போகவில்லை. 2018-இல் எம்.ஐ.டி. குழு ஒன்று, சுழலும் பாகம் எதுவும் இல்லாமல் அயனிக் காற்றில் மட்டும் பறக்கும் சிறிய விமானத்தை ஓர் உள்ளரங்கில் சுமார் 60 மீட்டர் பறக்கவிட்டது.

எரிக் லைத்வெயிட்டின் கதை கொஞ்சம் சோகமானது. நேர்கோட்டு மோட்டாரில் பெரிய பெயர் பெற்ற பிரிட்டிஷ் பொறியாளர் அவர். 1974-இல் ராயல் இன்ஸ்டிட்யூஷன் மேடையில் கனமான கைரோஸ்கோப்பை அனாயாசமாகத் தூக்கிக் காட்டி, இது நியூட்டனின் விதிகளுக்கு அடங்கவில்லை என்றார். சுழலும் சக்கரம் தன் அச்சைப் பக்கவாட்டில் மெல்லத் திருப்பிக்கொள்ளும் இயல்பு, கைக்கு அது இலேசாக இருப்பதுபோல ஒரு மயக்கத்தைத் தரும். தூக்குபவரையும் சேர்த்துத் தராசில் நிறுத்தினால் சராசரி எடை மாறாது.

1989 டிசம்பரில் பிசிக்கல் ரிவியூ லெட்டர்ஸ் இதழில் வந்த ஜப்பானியக் கட்டுரைதான் எல்லோரையும் நிமிர வைத்தது. தொஹொகு பல்கலைக்கழகத்தின் ஹயசாகாவும் தகேயுச்சியும், நிமிடத்துக்கு 13,000 சுற்று வரை சுழன்ற கைரோஸ்கோப்புகள் ஒரு திசையில் சுழலும்போது மட்டும் பத்து மில்லிகிராம் அளவில் எடை குறைவதாக எழுதியிருந்தார்கள். மற்ற திசையில் மாற்றம் இல்லை. பிற ஆய்வகங்கள் கேலி செய்துகொண்டு உட்காரவில்லை. 1990-க்குள்ளேயே அமெரிக்காவின் பௌல்டரிலும் பெர்க்லியிலும், பிரான்சில் உள்ள சர்வதேச எடை அளவுகள் நிறுவனத்திலும் திரும்பச் செய்து பார்த்தார்கள். எங்கும் எடை குறையவில்லை. அதிர்வு தராசைத் தொந்தரவு செய்திருக்கும் என்ற சந்தேகம் அப்போதே எழுந்தது.

இன்றைய பட்டறைச் சோதனைகளுக்கு நேரடி முன்னோடி, எவ்கெனி பொத்கிளெத்னோவ் ஃபின்லாந்தின் தாம்பெரே நகரில் செய்தது. மின்காந்தங்களுக்கு மேலே மிதந்து சுழன்ற ஒரு மீக்கடத்தித் தட்டுக்கு மேல் தொங்கிய பொருளின் எடை சற்றுக் குறைந்ததாக 1992-இல் அவர் எழுதினார். மீக்கடத்தி என்பது மிகக் குளிர்ந்த நிலையில் மின்தடையே இல்லாமல் போகும் பொருள். பிறகு குறைவு 2 சதவீதம் வரை போனதாகச் செய்தி பரவியது. 1996-இல் அடுத்த கட்டுரை அச்சாகும் முன்பே பத்திரிகைகளில் விஷயம் கசிந்து, அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. நாசாவின் மார்ஷல் மையம்கூட இதில் பணமும் நேரமும் செலவிட்டது. 2003-இல் ஹாத்தவேயும் அவருடைய குழுவும் அதே அமைப்பைக் கவனமாகக் கட்டி அளந்தபோது ஒன்றும் தெரியவில்லை.

## தராசை ஏமாற்றுபவர்கள்

இப்போது தராசுக்குப் பக்கத்தில் போகலாம்.

முதல் சந்தேக நபர், மின்சாரம் கொண்டுவரும் கம்பி. பூமிக்கே ஒரு காந்தப்புலம் உண்டு. வலிமை குறைவு, 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா. ஆனால் மின்னோட்டம் பாயும் கம்பியை அது தள்ளும். கிடைமட்டப் பங்கு 30 மைக்ரோடெஸ்லா உள்ள இடத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு மீட்டர் கம்பியில் 10 ஆம்பியர் ஓடினால் மேல்நோக்கிக் கிடைக்கும் விசை சுமார் 30 மில்லிகிராம் எடைக்குச் சமம். 30 சென்டிமீட்டரில் 3 ஆம்பியர் என்றாலும் கிட்டத்தட்ட 3 மில்லிகிராம். சுருளுக்குள் போகும் வரும் மின்னோட்டங்கள் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். தட்டின் மீது வளைந்து கிடக்கும் இணைப்புக் கம்பிதான் குற்றவாளி. போதாக்குறைக்கு, கம்பி தடிமனாக இருந்தால் சூடேறி இளகும்போது தட்டைத் தூக்கவோ அழுத்தவோ செய்யும்.

அலட்சியப்படுத்த வேண்டாம், இதே கம்பி பெரியவர்களையும் கவிழ்த்திருக்கிறது. எரிபொருள் எதையும் வெளியே தள்ளாமலே உந்துவிசை தருவதாகச் சொல்லப்பட்ட எம்டிரைவ் என்ற மைக்ரோவேவ் பெட்டிக்கு, 2016-இல் நாசா குழு ஒன்று கிலோவாட்டுக்கு 1.2 மில்லிநியூட்டன் உந்துவிசை அளந்ததாக எழுதியது. ஜெர்மனியின் டிரெஸ்டனில் மார்ட்டின் டைமரின் குழு அதை எடுத்து ஆராய்ந்தது. பெட்டிக்குள் போகும் மைக்ரோவேவை அடக்கியபோதும் 'உந்துவிசை' நின்றபாடில்லை. சில சென்டிமீட்டர் கம்பியும் பூமியின் காந்தப்புலமும் சேர்ந்தாலே அந்த அளவு விசை வந்துவிடும் என்று 2018-இல் சுட்டிக்காட்டினார்கள். 2021-இல் இன்னும் நுட்பமாக அளந்து, உந்துவிசை இல்லை என்று முடித்தார்கள்.

இரண்டாவது, வெப்பம். காற்றுக்கும் எடை உண்டு. ஒரு லிட்டருக்கு சுமார் 1.2 கிராம். உங்கள் கருவியின் கூட்டுக்குள் ஒரு லிட்டர் காற்று இருந்து, அது 20 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்குச் சூடானால், விரிந்த காற்று இடுக்குகள் வழியே வெளியேறிவிடும். போனது 0.11 கிராம். காந்தமோ சுழற்சியோ தேவையே இல்லை. இதோடு சூடான காற்று மேலே எழும்போது கூட்டையும் இழுத்துக்கொண்டு எழும். தராசின் உள்ளே இருக்கும் உணரியும் சூடேறினால் தன்பாட்டுக்கு எண்ணை நகர்த்தும்.

மூன்றாவது ஆள் தராசேதான். மலிவான தராசுகளில் வளையும் உலோகப் பட்டையின் நெளிவு அளக்கப்படுகிறது. நுட்பமான ஆய்வகத் தராசுகளில் பல, தட்டை ஒரு நிலைக்காந்தத்துக்குள் இருக்கும் சுருளால் தாங்கிப் பிடிக்கின்றன. தட்டு இறங்காமல் இருக்க எவ்வளவு மின்னோட்டம் தேவைப்பட்டது என்பதே எடையாகத் திரையில் தெரிகிறது. அதாவது, நல்ல தராசு என்று தேடி வாங்கியதற்குள்ளேயே ஒரு காந்தம் இருக்கிறது. அதன் தலைமேல் மின்காந்தத்தை வைத்து ஓட்டினால் என்ன ஆகும்? அடியில் உள்ள இரும்பு மேசைச் சட்டமும், பக்கத்தில் உள்ள இரும்புத் தாங்கியும் தங்கள் பங்குக்கு இழுக்கும். காந்தம் சுழன்றால் அருகிலுள்ள அலுமினியம், செம்பு போன்ற காந்தமில்லாத உலோகங்களிலும் சுழல் மின்னோட்டம் பிறந்து அவையும் தள்ளத் தொடங்கும்.

அப்புறம் அதிர்வு. டிஜிட்டல் தராசு விநாடிக்குப் பலமுறை அளந்து சராசரி எடுக்கிறது. சமநிலை சரியில்லாத சக்கரம் தடதடக்கும்போது அந்தச் சராசரி ஒரு பக்கமாகச் சாயலாம். சுழலும் சக்கரம் மின்விசிறிபோலக் காற்றைத் தள்ளுவதை விளக்க வேண்டியதில்லை.

இதுவரை: கம்பி, வெப்பம், தராசின் காந்தம், இரும்பு, அதிர்வு, காற்று. ஆறு மேசைகள். ஒவ்வொன்றும் தனியாகவே மில்லிகிராம் கணக்கில் எண்ணை நகர்த்த வல்லது.

## எண் தானே காட்டிக்கொடுக்கும்

நல்ல செய்தி என்னவென்றால், இந்த ஆறு பேரும் வேறு வேறு தடயங்களை விட்டுச் செல்கிறார்கள். விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லாமலே பலவற்றைப் பிடித்துவிடலாம்.

எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளாமல், நேரத்தோடு சேர்த்துக் குறியுங்கள். உதாரணத்துக்கு, சுவிட்ச் போடும் முன் 842.300 கிராம். போட்ட அதே நொடியில் 842.296. ஐந்து நிமிடத்தில் மெல்ல மெல்ல 842.210. அணைத்த நொடியில் 842.214, பிறகு அரைமணி நேரம் கழித்துத்தான் 842.300. இந்த வரிசையிலேயே இரண்டு கதைகள் இருக்கின்றன. சுவிட்சோடு குதித்த 4 மில்லிகிராம் மின்னோட்டத்தின் வேலை. மெதுவாக நகர்ந்து, அணைத்தும் உடனே திரும்பாத 86 மில்லிகிராம் வெப்பத்தின் வேலை. கடைசி எண்ணை மட்டும் சொல்லி '90 மில்லிகிராம் குறைந்தது' என்றால் இரண்டுமே மறைந்துவிடும்.

அடுத்து, பேட்டரி முனைகளை மாற்றிக் கொடுங்கள். அந்த 4 மில்லிகிராம் குறைவு இப்போது 4 மில்லிகிராம் கூடுதலாக மாறினால் பூமியின் காந்தப்புலமோ தராசின் நிலைக்காந்தமோதான் காரணம். இரண்டில் எது என்று தெரிய, தராசோடு சேர்த்து முழு அமைப்பையும் 90 டிகிரி திருப்புங்கள். எண் மாறினால் பூமி, மாறாவிட்டால் தராசு. முனைகளை மாற்றியும் அதே பக்கமே குறைந்தால் இரும்பு இழுக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் காந்தத்தின் எந்த முனையும் இரும்பை இழுக்கத்தான் செய்யும். மின்காந்தத்துக்கு மின்சாரமே கொடுக்காமல் சுழற்றி மட்டும் பார்த்தும் எண் மாறினால் அது காற்றும் அதிர்வும்.

எல்லாவற்றையும்விடப் பலன் தரும் சோதனை, போலி அமைப்பு. அதே கம்பி, அதே நீளம், அதே எடை, அதே மின்னோட்டம், அதே சூடு. ஆனால் சுருளைப் பாதி இடமாகவும் பாதி வலமாகவும் சுற்றியிருப்பதால் காந்தப்புலம் கிட்டத்தட்ட இருக்காது. இதிலும் எடை குறைகிறது என்றால் காந்தத்தைக் குற்றவாளிப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். ஆர்வலர் சோதனைகளில் அரிதாகவே தென்படுவது இதுதான். கட்டுவதற்கு ஒரு நாள் கூடுதலாக ஆகும் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அமைப்பையே மாற்றுவதும் நல்லது. இணைப்புக் கம்பிகள் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால், போகும் மின்னோட்டமும் வரும் மின்னோட்டமும் தங்கள் விசையைக் கழித்துக்கொள்ளும். பேட்டரியையே கூட்டுக்குள் வைத்துவிட்டால் வெளியிலிருந்து கம்பியே வேண்டாம். கூட்டைக் காற்றுப் புகாமல் அடைத்தால் உள்ளிருந்து காற்று வெளியேறாது. இன்னும் ஒரு படி மேலே போக வேண்டுமென்றால், மின்காந்தத்தைத் தராசில் வைக்கவே வைக்காதீர்கள். அதைத் தனியாகச் சுழலவிட்டு, சற்றுத் தள்ளி, நீண்ட நூலில் தொங்கும் மரத்துண்டு, கண்ணாடி, செம்பு ஆகியவற்றை ஒவ்வொன்றாக நிறுங்கள். ஈர்ப்பு ஆள் பார்க்காது என்று முன்பு சொன்னது இங்கே கைகொடுக்கும். மூன்றும் ஒரே விகிதத்தில் மாறுகிறதா என்பதுதான் கேள்வி.

இத்தனையையும் தாண்டி ஓர் எண் மிச்சம் நின்றால், இன்னொருவரை அழைத்து உட்கார வையுங்கள். மின்காந்தம் எப்போது ஓடுகிறது, எப்போது ஓடவில்லை என்பது அவருக்குத் தெரியக் கூடாது; நீங்கள் காசைச் சுண்டிப் பார்த்து அடுத்த அறையிலிருந்து சுவிட்சைப் போட வேண்டும். அவர் எழுதிய எண்களையும் உங்கள் சுவிட்ச் குறிப்பையும் பிறகு பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம்.